வெள்ளைத் துணியில் என் முடிச்சு

முதலில் சொன்னது கயிறுதான். கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தோம். கூரைத் துணியின் மூலைக் கயிற்றை இழுத்து இரும்புக் காலில் கட்டினேன். கட்டிவிட்டதாகத்தான் நினைத்தேன். பார்த்தால் கயிறு தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடியும் தரையில்.

நான் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், லோரிக்குத் தார்ப்பாய் கட்டினேன், பிறகு சொந்தமாகப் பந்தல் தொழில். பேய்க்காற்றில் பக்கத்துத் தெருவில் மற்றவன் போட்ட பந்தல் பறந்து போன அன்றைக்கு என் பந்தலுக்குக் கீழே ஐந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிள்ளானில் பந்தல் மாணிக்கம் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாதவன் வெளியூர்க்காரன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

அப்படிப்பட்டவன் அன்று என்ன செய்தேன் தெரியுமா? வலது கைக்கு அசதி என்று நினைத்து ஒரு கோப்பி குடித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். வெயில் ஏறிய பிறகு லோரியை இடது கையால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கையால் ஓட்டியதை அப்போது சாதனை என்றே நினைத்தேன். யாரையாவது மோதிக் கொன்றிருப்பேன். உங்களில் யாருக்காவது கை திடீரென்று வலுவிழந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கோப்பி வேண்டாம், ஓய்வு வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி. இந்த ஒரு வரிக்காகவே இதை எழுதலாம்.

கதவைத் திறந்த என் மனைவி சரோஜா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“ஏங்க, வாய் ஏன் ஒரு பக்கமா போவுது?”

“வெத்தல போட்டிருக்கேன்.”

“வெத்தல போட்டா கண்ணு கூடவா தொங்கும்? மாலதி! காரை எடுடி!”

மாலதி எங்கள் ஒரே மகள். அவள் ஓட்டிய வேகத்தில் எனக்குப் பக்கவாதத்தை விட விபத்துப் பயம்தான் அதிகமாக இருந்தது.

டாக்டர் தமிழர்தான், சின்ன வயது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். காலையில் என்றேன். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சி.டி. ஸ்கேன் (தலைக்குள் படம் பிடிப்பது) எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அந்த அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம். முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு.

“ஐயா சீக்கிரம் வந்திருக்கணும்,” என்றார்.

நாற்பது வருடத் தொழிலில் எந்த வேலைக்கும் ஒரு நிமிடம் பிந்திப் போனவன் இல்லை நான். என் சொந்த மூளைக்குப் பிந்திப் போய்விட்டேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பேச்சு சரியானது. கால் வந்தது, கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கியது. தூங்கும்போது மேலே விழுந்தால் வேறு யாரோ கை போட்ட மாதிரி இருக்கும்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஆக்குப்பேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைக் கைக்குத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது) என்று தலைநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரேச்சல் என்று ஒரு பெண். சுங்கை வே பக்கம் வீடு, மெத்தடிஸ்ட் குடும்பம், நன்றாகத் தமிழ் பேசுவாள். என் முன்னால் துணி காயப்போடும் கிளிப்புகளை ஒரு டப்பாவில் வைத்தாள்.

“அங்கிள், சிவப்பு கிளிப்ப எடுத்து டப்பா ஓரத்துல மாட்டுங்க.”

“யம்மா, நான் இருநூறு அடிக்குப் பந்தல் போட்டவன்.”

“தெரியும் அங்கிள், போன தடவையும் சொன்னீங்க. இன்னிக்குக் கிளிப்பு மாட்டுங்க.”

மாட்ட முடியவில்லை. பக்கத்து மேசையில் ஒரு சீனக் கிழவி நான்கு மாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல மனதோடுதான் சிரித்திருப்பாள். எனக்கு அது குத்தியது.

“மொத சில மாசந்தான் அங்கிள் கை வேகமா கத்துக்கும். அதுக்கப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவா வரும். லீவு போடாதீங்க லா,” என்றாள் ரேச்சல்.

ஐந்து வாரம் போனேன். பிறகு நிறுத்திவிட்டேன். காரணம் கேட்ட சரோஜாவிடம், “பாலர் பள்ளிக்கெல்லாம் நான் போக மாட்டேன்” என்றேன்.

பிறகு இரண்டு மாதம் வேறு கதவுகளைத் தட்டினேன். செமினியில் ஒரு மலாய்க்காரர் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். காஜாங்கில் ஒரு சீன வைத்தியர் கை முழுக்க ஊசி குத்தினார். கிள்ளானில் ஒரு சாமியாடி பாராங் கத்தியின் மேல் வெறும் காலோடு நின்று, என் கையில் யாரோ கட்டுப் போட்டிருக்கிறார்கள், மூன்று வெள்ளிக்கிழமையில் அவிழ்க்கிறேன் என்றார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வந்தவனை ஒருவரும் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் என் விரல்கள் அந்த இரண்டு மாதத்தில் உள்ளே மடங்கிக்கொண்டன. ஸ்பாஸ்டிசிட்டி (தசை தானாக இறுகிக்கொள்வது) என்று பெயர். சரோஜா நகம் வெட்டுவதற்கு ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் தவிர அவளை என் வலது கையைத் தொட விடமாட்டேன். சட்டை மாட்டிவிட வந்தால் கத்துவேன். நானே செய்வேன் என்பேன். செய்யவும் மாட்டேன். அந்தக் காலம் முழுக்கப் பொத்தானில்லாத ஜிப்பாதான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். இரண்டு கடை தள்ளி ஒரு கண்ணாடிக் கதவில் பெரிய படம் ஒட்டியிருந்தது. ஒரு பெண். சிவப்பும் நீலமுமாக நீள அங்கி. ஒரு கையில் மணிக்கொத்து, மறு கையில் விசிறி. வெறும் காலோடு இரண்டு கத்தி முனைகளின் மேல் நின்றிருந்தாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. எத்தனை திருவிழாவுக்குப் பந்தல் போட்டிருப்பேன்.

“சாமியாடி,” என்றேன்.

“ப்பா, அது ஆர்ட் எக்சிபிஷன் ப்பா. கொரியாக்காரங்க. ஓவியம், துணி, அந்த மாதிரி,” என்றாள் மாலதி.

“ஓவியத்துக்கு எதுக்குடி கத்தி மேல நிக்கணும்?”

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே குளித்துத் தயாராகிவிட்டேன். சரோஜா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம் எல்லாம் அடுக்கினாள். மாலதி மட்டும் தலையில் அடித்துக்கொண்டே காரை எடுத்தாள்.

உள்ளே ஏர்கோன் குளிர். வெள்ளைச் சுவர். கூரையிலிருந்து காகிதப் பூக்களும் வெட்டிய காகித உருவங்களும் தொங்கின. ஐந்து நிறக் கொடிகள். ஒரு மூலையில் மணிச் சத்தம் ஒலிபெருக்கியில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. நடுவில், அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தது. துணி முழுக்க முடிச்சுகள்.

நான் தேங்காயைக் கையில் எடுத்தேன். காவலர் ஓடி வந்தார்.

“அங்கிள், அங்கிள்! சினி தாக் போலே பெச்சா கெலாப்பா!”

இங்கே தேங்காய் உடைக்கக் கூடாதாம். சூடத்தையும் பார்த்துவிட்டு மேலே கூரையில் இருந்த புகை மணியைக் காட்டினார். சத்தம் கேட்டு உள்ளிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். குட்டை முடி, கறுப்புச் சட்டை, வலது கையில் மட்டும் தோள் வரை இறுக்கமான உறை. இவர்தான் இதையெல்லாம் செய்தவர், பெயர் யூன் என்று மாலதி கேட்டுச் சொன்னாள். நான் தாம்பாளத்தை நீட்டினேன். அவர் என்ன ஏதென்று கேட்காமல் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“என் கைக்கு ஒரு வழி சொல்லச் சொல்லு,” என்றேன் மாலதியிடம்.

மாலதி ஆங்கிலத்தில் சொன்னாள். முகம் சிவந்து சொன்னாள். அந்த அம்மாள் கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ப்பா, அவங்க சாமியாடி இல்லையாம். படத்துல இருக்கிறது அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச வேற ஒருத்தவங்களாம். சாமியாடிய அந்த ஊருல முதாங்னு சொல்வாங்களாம். இவங்க அம்மாவும் முதாங்தானாம். ஆனா இவங்களால யாரையும் குணப்படுத்த முடியாதாம். மன்னிச்சுக்கோங்கன்றாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. “கிள்ளான்லேருந்து வந்திருக்கேன்னு சொல்லு.”

“அவங்க கொரியாலேருந்து வந்திருக்காங்க ப்பா.”

சரோஜா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது. அந்த அம்மாள் ஒரு ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கை உறையைக் கொஞ்சம் கீழே சுருட்டிக் காட்டினார். கை வீங்கியிருந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை (உடம்பின் கழிவு நீரை வடிகட்டும் சிறு உருண்டைகள்) எடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து அந்தக் கை வீங்கியேதான் இருக்குமாம்.

“அவங்க அம்மா பூசை பண்ணலையான்னு கேளு.”

பண்ணினாராம். மருத்துவமும் எடுத்துக்கொண்டாராம். எது குணமாக்கியது என்று நான் விடாமல் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னதை மாலதி இப்படிச் சொன்னாள்: “மருந்து கட்டியை எடுத்துச்சு. ஆனா ஆஸ்பத்திரியில யாருக்கும் என் பக்கத்துல நிக்க நேரமில்ல. எங்கம்மா ஒரு நாள் முழுக்க எனக்காக நின்னாங்க, பாடினாங்க, ஆடினாங்க. அந்த ஒரு நாளுக்கு அப்புறம் நான் மருந்துக்குப் பொறுமையா இருந்தேன்.”

இந்தப் பதில் எனக்கு அன்று பிடிக்கவில்லை. இன்றுதான் பிடிக்கிறது.

துணியைப் பற்றியும் சொன்னார். அவர் ஊரில் ஒருவர் செத்துப்போனால் இப்படி நீளத் துணியில் முடிச்சுப் போட்டு, முதாங் பாடிக்கொண்டே ஒவ்வொன்றாக அவிழ்ப்பாராம். செத்தவர் மனதில் தங்கிப்போன வருத்தங்கள் அவை. கடைசியில் துணியை விரித்துப் பிடிக்க, முதாங் நடுவில் நடந்துபோய்த் தன் நெஞ்சால் அதைக் கிழித்து வழி திறப்பாராம். இங்கே இவர் அதை உயிரோடு இருப்பவர்களுக்காக வைத்திருக்கிறார். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்கலாம்.

முடிச்சு என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? எழுந்து போய்ப் பார்த்தேன். ஈரத் துணியில் போட்டு இறுகக் காய்ந்த முடிச்சுகள். அந்த வீங்கிய கையால் எப்படிப் போட்டாரோ, நல்ல வேலை. ஒன்றை இடது கையாலும் பல்லாலும் நொடியில் அவிழ்த்துக் காட்டினேன்.

“பெருமதான். அந்தக் கைக்கு ஒண்ணும் வரலயே,” என்றாள் சரோஜா.

யூன் அம்மாள் அடுத்த முடிச்சைக் காட்டி, பிறகு என் வலது கையைக் காட்டினார். நான் மடங்கிய விரல்களைத் துணியின் மேல் வைத்தேன். கை முடிச்சுக்கு அருகில் போய் நின்றது. அவ்வளவுதான். துணி ஆடியது, விரல் வழுக்கியது. சரோஜா கிட்டே வந்தாள். “தொடாதே” என்றேன். கண்காட்சி மூடும் வரை அங்கேயே இருந்தேன். அந்த முடிச்சு அப்படியே இருந்தது. கிளம்பும்போது யூன் அம்மாள் அதன் மேல் ஒரு சிவப்பு நூலைச் சுற்றிவிட்டார். இது உங்களுடையது, வேறு யாரும் தொட மாட்டார்கள் என்றார்.

திங்கட்கிழமை நான் ரேச்சலிடம் போய் நின்றேன். விரல் விரியாமல் எந்த முடிச்சையும் அவிழ்க்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

“அங்கிள்! ரெண்டு மாசமா எங்க போனீங்க?”

“கொரியாவுக்கு.”

கதையைக் கேட்டுவிட்டு அவள் என்னைத் திட்டவில்லை. என் விரல்களை வெந்நீர்த் துணியால் சுற்றி, ஒவ்வொன்றாக மெதுவாக நீட்டினாள். வலித்தது. பிறகு அந்தக் கிளிப்பு டப்பாவை எடுத்து வைத்தாள்.

“முடிச்சு அவிழ்க்கிறதுக்கும் இதுக்கும் ஒரே விரலுதான் அங்கிள். கட்டை விரலும் பக்கத்து விரலும். எந்தக் கொரியாவுக்குப் போனாலும் அதே ரெண்டு விரலுதான்.”

நான் வாயைத் திறக்காமல் கிளிப்பை எடுத்தேன்.

ஒரு மாதம் அந்தக் கண்காட்சி நடந்தது. வாரத்தில் மூன்று நாள் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் நானும் சரோஜாவும் போவோம். இரண்டு நாள் ரேச்சலிடம், ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸ். காவலர் என்னைப் பார்த்ததும் ஸ்டூல் போடுவார். நான் அரை மணி நேரம் முட்டுவேன். சில நாள் கட்டை விரல் முடிச்சின் மடிப்புக்குள் ஒரு நெல் அளவு போகும். சில நாள் அதுவும் இல்லை. மற்றவர்கள் வந்து அவிழ்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் அவிழ்த்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள். ஒவ்வொரு முறையும் துணி இன்னும் கொஞ்சம் தட்டையாகிக்கொண்டே வந்தது.

கடைசி நாள் மத்தியானம் யூன் அம்மாள் துணியைக் கிழித்துக் கண்காட்சியை முடிப்பதாக இருந்தது. முப்பது பேர் வந்திருந்தார்கள். மாலதியும் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்திருந்தாள். துணியில் ஒரே ஒரு முடிச்சு மிச்சம். சிவப்பு நூல் சுற்றியது.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒருவர் இருமினார். கண்காட்சியைக் கவனிக்கும் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என் கட்டை விரல் மடிப்பில் போய் உட்கார்ந்தது. பக்கத்து விரலும் வந்தது. இழுத்தேன். முடிச்சு முழுசாக விரலோடு வந்தது. துணி தொங்குகிறதல்லவா, இழுத்த பக்கம் எல்லாம் சேர்ந்து வருகிறது. மறுபடி வைத்தேன். மறுபடி துணி வந்தது. வியர்த்துவிட்டது. இடது கையைக் கொண்டுபோனால் ஒரு நொடி வேலை. யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். என் இடது கை பாதி தூரம் போயும்விட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருடத் தொழில்காரனுக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். இறுகிய முடிச்சை ஒற்றை ஆளாக ஒற்றைக் கையால் யாரும் அவிழ்ப்பதில்லை. என் ஆட்களிடம் எத்தனை தடவை கத்தியிருப்பேன், ஒருத்தன் புடிங்கடா, ஒருத்தன் அவுருங்கடா என்று. ஒரு மாதமாக என் பின்னால் ஒரு பெண் பிடிப்பதற்காகவே நின்றுகொண்டிருந்தாள். தொடாதே, தொடாதே என்று நான்தான் விரட்டிக்கொண்டிருந்தேன்.

“சரோ,” என்றேன். “சரோ, ரெண்டு பக்கமும் புடி.”

அவள் ஒரு நொடி நம்பவில்லை. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, முடிச்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணியை இறுக்கிப் பிடித்தாள். துணி ஆடவில்லை. என் கட்டை விரல் உள்ளே போனது. பக்கத்து விரல் வெளியிலிருந்து கவ்வியது. இழுத்தேன். ஒரு மடிப்பு இளகியது. இன்னும் இழுத்தேன். “மெதுவாங்க, வருது, வருது,” என்று அவள் மூச்சுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாலதி பதினாறு நிமிடம் என்கிறாள். முடிச்சு விரிந்து துணி தட்டையாக விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. காவலரும் கண்காட்சிப் பெண்ணும் துணியின் இரண்டு முனைகளைப் பிடிக்க, யூன் அம்மாள் அதன் நடுவில் இருந்த சின்னக் கிழிசலில் நெஞ்சை வைத்து நடந்தார். வீங்கிய கையை ஒட்டிக்கொண்டு நேராக நடந்தார். பருத்தி கிழிகிற சத்தம் அறை முழுக்க ஓடியது. அவருக்குப் பின்னால் துணி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதை மாதிரி திறந்தது.

சரோஜா அழுதுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

“நகம் வெட்டுறப்பல்லாம் உங்க கை ஜில்லுனு இருக்கும். இன்னிக்குச் சூடா இருந்துச்சுங்க.”

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல் அடிபட்டவர்கள் இருப்பீர்கள். அற்புதம் நடந்தது என்று நான் எழுத மாட்டேன். என் கை முழுசாக வரவில்லை, வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இரண்டு விரலும் பாதி மணிக்கட்டும் வந்திருக்கின்றன. அந்த இரண்டு மாதத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு விரல் வந்திருக்கலாம் என்று ரேச்சல் நினைக்கிறாள், நான் வருத்தப்படுவேன் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். கோயிலுக்குப் போங்கள், சர்ச்சுக்குப் போங்கள், யார் கைவைத்து வேண்டிக்கொண்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சியை மட்டும் விடாதீர்கள். கூட இருப்பவர்களைப் பிடிக்க விடுங்கள். அவர்களுக்கும் அது ஒரு மருந்து என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

இப்போது என் உடம்பில் இரண்டு வயது இருக்கிறது. இடது பக்கத்துக்கு அறுபத்தேழு. அது பழைய மாணிக்கம், எல்லாவற்றையும் நொடியில் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்கும். வலது கைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. அது ஒரு பொருளை எடுப்பதற்கு முன் அதைச் சுற்றிப் பார்க்கிறது. முன்பெல்லாம் ஒரு காலைப் பொழுதில் மூன்று பந்தல் போடுவேன், அந்தக் காலையைப் பார்த்ததே இல்லை. இப்போது ஜன்னல் வெளிச்சம் கட்டில் காலிலிருந்து என் முழங்கால் வரைக்கும் ஏறுகிற நேரத்தில் நான் ஒரு சட்டை போடுகிறேன். ஜிப்பாவை விட்டுவிட்டேன். சரோஜா காலரைப் பிடித்துக்கொள்கிறாள், பொத்தான் என் வேலை. கோபம் வருவதில்லை. சில நாள் பொத்தான் அதற்குள் முடிந்துவிட்டதே என்று கூட இருக்கிறது.

இன்று மாலதி எங்களை வெளியே சாப்பிடக் கூட்டிப் போகிறாள். வாசலில் காரை ஓடவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

“ப்பா! இன்னும் எவ்வளவு நேரம் ப்பா?”

“மூணாவது பொத்தான்ல இருக்கேன்,” என்று குரல் கொடுக்கிறேன்.

“மொத்தம் எத்தன?”

“ஏழு.”

கார் என்ஜினை அணைக்கிற சத்தம் கேட்கிறது.